பேரரசு சாய்ந்தபோது

கி.பி. 408-ஆம் ஆண்டில் கோத்தியர் தலைவனாகிய அலாரிக் உரோமாபுரியை முற்றுகையிட்டான். உணவு வரும் வழிகள் அனைத்தும் அடைபட்டன. பசியும் நோயும் நகருக்குள் புகுந்தன. முற்றுகையை விலக்கிக்கொள்ள அவன் கேட்ட விலையைச் சோசிமுஸ் என்னும் வரலாற்றாசிரியர் குறித்து வைத்திருக்கிறார். 5,000 இராத்தல் பொன், 30,000 இராத்தல் வெள்ளி, 4,000 பட்டு அங்கிகள், செஞ்சாயம் ஏற்றிய 3,000 தோல்கள், இவற்றோடு 3,000 இராத்தல் மிளகு. இப்பட்டியலின் கடைசிப் பொருளைக் காணும்போது நமக்கு ஒரு வியப்பு உண்டாகிறது. கருமிளகு தென்னிந்தியாவின் மேற்கு மலைச் சரிவுகளில் விளைந்து, கடல் கடந்து உரோமாபுரிக்குச் சென்ற சரக்கு. யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அந்த மிளகே ஒரு பெருநகரின் உயிருக்கு ஈடாக நிறுத்துக் கொடுக்கப்பட்டது.

கேட்ட பொன் கருவூலத்தில் இல்லை. ஆகவே தெய்வச் சிலைகளின் அணிகலன்களைக் கழற்றினார்கள். சில சிலைகளையே உருக்கினார்கள். அவ்வாறு உருக்கப்பட்டவற்றுள் வீரத்தைக் குறிக்கும் தெய்வத்தின் சிலையும் ஒன்று என்று, பழைய தெய்வங்களைப் போற்றியவராகிய சோசிமுஸ் மனம் நொந்து எழுதுகிறார். பணம் கொடுத்து வாங்கிய அமைதி நெடுநாள் நிற்கவில்லை. 410-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 24-ஆம் நாள் சலாரியா வாயில் வழியாகக் கோத்தியர் நகருக்குள் நுழைந்தனர். மூன்று நாட்கள் கொள்ளை நடந்தது. கால் நாட்டார் நகரைச் சூறையாடிய காலத்திற்குப்பின் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளாக அயலார் படை அந்நகருக்குள் புகுந்ததில்லை. நித்திய நகரம் என்று பெயர் பெற்றிருந்த நகரம் அன்று வீழ்ந்தது.

இப்பழங்கதையை இன்று நான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. நான் கிறிஸ்தவ இல்லம் ஒன்றில் பிறந்து, வரலாறு கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவன். சில திங்களுக்கு முன் ஞாயிறு ஆராதனை முடிந்தபின், எங்கள் சபையின் முதியவர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு நின்றார். அவருடைய மக்கள் மூவரும் மூன்று நாடுகளில் இருக்கிறார்கள். கோவிலில் பாடற்குழுவுக்கு ஆள் இல்லை. பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவின் செபங்கள் தெரியா. “தம்பி, நீ சரித்திரம் படித்தவன். நாம் அறிந்த உலகம் முடிந்துவிட்டதா? முடிந்ததென்றால், நம்மைப்போன்றவர்கள் செய்யத்தக்கது என்ன?” என்று கேட்டார். அன்று என்னால் விடை கூற முடியவில்லை. இன்று நான் கூறுவதெல்லாம் அவருக்குத் தர முயலும் விடையே.

உரோமாபுரியின் வீழ்ச்சி கிறிஸ்தவர்களைக் கலக்கியதற்குச் சிறப்பான காரணம் ஒன்று இருந்தது. முந்நூறு ஆண்டுகளாக அவர்களை அவ்வப்போது துன்புறுத்தி வந்த பேரரசு, நான்காம் நூற்றாண்டில் அவர்கள் பக்கம் திரும்பியது. 313-ஆம் ஆண்டில் கான்ஸ்தாந்தீன் அவர்களுக்கு வழிபாட்டுரிமை அளித்தான். 380-ஆம் ஆண்டில் தெயொதோசியு, கிறிஸ்தவமே பேரரசின் சமயம் என்று ஆணை பிறப்பித்தான். செசரியாவின் மேற்றிராணியாராகிய எவுசேபியு போன்றோர், கான்ஸ்தாந்தீனின் ஆட்சியில் இறைவனின் திட்டமே நிறைவேறியதாகக் கண்டனர். சிலுவையும் அரியணையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் என்று மக்கள் எண்ணப் பழகினார்கள். அந்த எண்ணம் எண்பது, தொண்ணூறு ஆண்டுகளில் வேரூன்றிவிட்டது. அரியணை ஆடியபோது, சிலுவையும் ஆடுவதாகவே அவர்களுக்குத் தோன்றியது.

பழைய சமயத்தினர் வாளாவிருக்கவில்லை. “எங்கள் தெய்வங்களுக்குப் பலியிட்ட காலமெல்லாம் நகரம் வாழ்ந்தது. நீங்கள் கோவில்களை மூடினீர்கள்; தெய்வங்கள் எங்களைக் கைவிட்டன” என்பது அவர்கள் வாதம். கிறிஸ்தவர் பலரிடத்தில் அதற்கு மறுமொழி இல்லை. பேதுருவும் பவுலும் அடக்கம் செய்யப்பட்ட நகரை அவ்விரு புனிதரும் காக்கவில்லையே என்பது அவர்களுடைய உள்ளத்திலும் எழுந்த கேள்விதான்.

செய்தி கீழ்த்திசையில் பெத்லகேமை எட்டியபோது, அங்கே திருமறையை இலத்தீன் மொழியில் பெயர்த்த பேரறிஞராகிய புனித ஜெரோம், எசேக்கியேல் தீர்க்கதரிசி நூலுக்கு உரை எழுதிக்கொண்டிருந்தார். எருசலேமின் வீழ்ச்சியை அந்நியநாட்டுச் சிறையிலிருந்து கண்ட தீர்க்கதரிசியின் நூல் அது. உலகையெல்லாம் பிடித்த நகரம் பிடிபட்டது என்னும் செய்தி கேட்டு அவருக்கு நெடுநேரம் பேச்செழவில்லை. அவருடைய தோழியும் மாணவியுமான மார்செல்லா என்னும் மூதாட்டி, கொள்ளையரால் அடிபட்டு, சில காலத்துக்குள் இறந்துபோனார். பொன் இருக்கும் இடத்தைக் காட்டு என்று அடித்தார்கள். தம் செல்வத்தையெல்லாம் முன்னமே ஏழைகளுக்குக் கொடுத்துவிட்ட அவரிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

பின்னர் அகதிகள் வரத் தொடங்கினர். நேற்றுவரை செல்வர்களாயிருந்தோர் இன்று பெத்லகேமின் வாயிலில் பிச்சைக்கு நின்றனர். ஜெரோம் உரை எழுதுவதை நிறுத்தினார். திருமறையின் சொற்களைச் செயலாக்கும் நேரம் இது என்று கருதி, வந்தோருக்கு உணவும் இடமும் தேடித் தரும் பணியில் இறங்கினார். எசேக்கியேல் உரை இரவு நேரங்களில் விளக்கொளியில் மெல்ல வளர்ந்தது. பேரழிவின் பொருள் என்ன என்று ஆராய்வதற்கு முன், வாயிலில் நிற்பவனுக்கு உணவளிக்க வேண்டும் என்பதை அப்பேரறிஞர் அறிந்திருந்தார். இது நான் காணும் முதற்பாடம்.

அகதிகளில் மற்றொரு கூட்டம் கடல் கடந்து வட ஆப்பிரிக்காவுக்குச் சென்றது. அங்கே ஹிப்போ என்னும் துறைமுகப் பட்டினத்தில் புனித அகுஸ்தினார் மேற்றிராணியாராக இருந்தார். ஹிப்போ இன்று அல்ஜீரியா நாட்டில் அன்னாபா என்னும் நகராக உள்ளது. கற்றோரும் மற்றோரும் அவரிடம் கேள்விகளோடு வந்தனர். ஒரு நகரம் என்பது அதன் சுவர்களும் மாடங்களும் அல்ல, அதன் மக்களே நகரம் என்று அவர் தம் பிரசங்கங்களில் எடுத்துரைத்தார். துன்பம் நல்லோர்க்கும் தீயோர்க்கும் ஒன்றாகவே வருகிறது. ஆனால் இருவரிடத்தும் அதன் விளைவு ஒன்றன்று என்றார். ஒரே செக்கில்தான் எண்ணெயும் பிறக்கிறது, கசடும் ஒதுங்குகிறது என்னும் உவமையை அவர் விரும்பிக் கையாண்டார்.

413-ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய ‘கடவுளின் நகரம்’ என்னும் பெருநூல் 426-ஆம் ஆண்டில்தான் முடிவுற்றது. இருபத்திரண்டு பகுதிகள், பதின்மூன்று ஆண்டு உழைப்பு. முதற் பத்துப் பகுதிகளில், பழைய தெய்வங்கள் உரோமாபுரியை ஒருநாளும் காத்ததில்லை என்பதை உரோமர்களின் வரலாற்றைக்கொண்டே காட்டுகிறார். ஆனால் நூலின் உயிர் அடுத்த பன்னிரண்டு பகுதிகளில் இருக்கிறது. மனித வரலாற்றில் இரு நகரங்கள் உண்டு என்கிறார். ஒன்று தன்னலத்தை அடித்தளமாகக் கொண்டது. மற்றொன்று இறையன்பை அடித்தளமாகக் கொண்டது. இவ்வுலகில் அவையிரண்டும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றோடொன்று கலந்தே நடக்கின்றன. உரோமப் பேரரசு கடவுளின் நகரமன்று. கிறிஸ்தவ மன்னன் ஆண்டாலும் அது கடவுளின் நகரமாகிவிடாது. ஆகவே அதன் வீழ்ச்சி கடவுளின் தோல்வியும் அன்று.

இதை இன்று சொல்வது எளிது. அன்று அது துணிவான சொல். எவுசேபியு கட்டிய கோட்டையை அகுஸ்தினார் தம் கையாலேயே இடித்தார். ஆயினும் நாடு எக்கேடு கெட்டால் நமக்கென்ன என்று அவர் சொல்லவில்லை. அடுத்திருப்போர் யாவர்க்கும் பயன்படும் அமைதியை நாடுவதும், நேர்மையான நீதிபதியாக, வீரனாக, வரிசெலுத்துவோனாக வாழ்வதும் கிறிஸ்தவன் கடமை என்றார். அந்நூலை எழுதத் தூண்டியவரும், நூல் யாருக்கு உரிமையாக்கப்பட்டதோ அவருமாகிய மார்செல்லீனு என்னும் அரசு அதிகாரி, 413-ஆம் ஆண்டிலேயே அரசியல் சூழ்ச்சியில் சிக்கிக் கொலைத்தண்டனைக்கு ஆளானார். கிறிஸ்தவ அரசு ஒன்றே அவரைக் கொன்றது. அரசை நம்பியிருத்தல் எத்துணை நிலையற்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அகுஸ்தினாருக்குப் பின் ஒரு தலைமுறை கழித்து, மார்சேய் நகரில் சால்வியான் என்னும் குரு மற்றொரு கோணத்திலிருந்து பேசினார். காட்டுமிராண்டிகள் ஏன் வெல்கிறார்கள் என்று எல்லோரும் கேட்டபோது, நாம் ஏன் தோற்கிறோம் என்று அவர் கேட்டார். செல்வர்கள் தம் வரிச்சுமையை ஏழைகள் தலையில் ஏற்றுகிறார்கள். நிலமிழந்த உழவன் பகைவரிடம் ஓடிப்போய், அங்கே நிம்மதியாக இருக்கிறான். பிறகு இந்த நாட்டை அவன் ஏன் காக்க வேண்டும் என்று தம் மக்களையே குற்றக்கூண்டில் நிறுத்தினார். அவர் கூற்றில் மிகை உண்டென்று வரலாற்றாசிரியர்கள் சொல்வர். ஆனால் அழிவு வரும்போது பிறரைச் சுட்டும் விரலை முதலில் தன்பக்கம் திருப்பிய அந்த நேர்மை அரிது. சபைக்கும் அது பொருந்தும். இளைஞர்கள் போய்விட்டார்கள் என்று வருந்தும் நாம், அவர்கள் இருந்தபோது அவர்களுக்கு என்ன கொடுத்தோம் என்று கேட்டுக்கொள்வதில்லை.

429-ஆம் ஆண்டில் கைசரிக் என்னும் மன்னன் தலைமையில் வாண்டலர் ஸ்பெயினிலிருந்து ஆப்பிரிக்காவுக்குள் இறங்கினர். ஓடுவதா, நிற்பதா என்னும் கேள்வி எழுந்தது. ஒனோராத்து என்னும் மேற்றிராணியார் இதைக் கேட்டு எழுத, அகுஸ்தினார் விரிவாக விடையெழுதினார். மக்கள் எல்லோரும் பாதுகாப்பான இடத்திற்குப் போகக்கூடுமானால் மேய்ப்பனும் போகலாம். பகைவர் அவனை மட்டுமே தேடுகிறார்களானால், வேறு பணியாளர் இருக்கும்போது அவன் விலகிக்கொள்ளலாம். ஆனால் போக இயலாத மக்கள் எஞ்சியிருக்கும் வரையில், அவர்களுக்குத் திருப்பணி செய்வோர் அவர்களை விட்டுப் போதல் ஆகாது என்பதே அவ்விடையின் சாரம்.

அவர் போகவில்லை. 430-ஆம் ஆண்டு வாண்டலர் ஹிப்போவை முற்றுகையிட்டனர். முற்றுகை பதினான்கு திங்கள் நீண்டது. மூன்றாம் திங்களில் அகுஸ்தினார் காய்ச்சலில் விழுந்தார். மனத்துயர்ச் சங்கீதங்களைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டச்செய்து, படுக்கையிலிருந்தபடியே வாசித்தார். ஆகஸ்டு 28-ஆம் நாள் எழுபத்தைந்தாம் வயதில் உயிர்நீத்தார். மரண சாசனம் எழுதி வைக்க அவரிடம் சொத்து ஏதும் இல்லை என்று, அவருடைய வரலாற்றை எழுதிய பொசீதியு கூறுகிறார். நூலகத்தை மட்டும் கவனமாகக் காக்கும்படி சொல்லிச் சென்றார். ஹிப்போ பின்னர் எரிந்தது. நூல்கள் பிழைத்தன.

இங்கே ஓர் உண்மையை நான் மறைக்கலாகாது. நல்லோர் நிலைத்து நின்றார்கள், ஆகவே சபை பிழைத்தது என்று கதையை முடித்துவிட்டால் அது வரலாறாகாது. அகுஸ்தினாரின் சபை பிழைக்கவில்லை. 411-ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரில் கூடிய மன்றத்திற்குக் கத்தோலிக்கர் பக்கம் ஏறத்தாழ 280 மேற்றிராணிமாரும், தொனாத்தியர் என்னும் பிரிவினர் பக்கம் ஏறத்தாழ அதே எண்ணிக்கையினரும் வந்திருந்தார்கள். ஒரே நிலத்தில், ஒரே திருமறையை ஓதிய இரு கூட்டத்தார் நூறாண்டுகளாகத் தம்முள் போரிட்டுக்கொண்டிருந்தனர். அப்பூசலை ஒடுக்க அரசின் கைவலிமையைப் பயன்படுத்துவதை அகுஸ்தினாரும் ஏற்றுக்கொண்டார். அது அவர் வாழ்வில் நாம் வருந்தத்தக்க பகுதி. 698-ஆம் ஆண்டில் கார்த்தேஜ் அராபியர் வசமாயிற்று. 1076-ஆம் ஆண்டில் பாப்பரசர் ஏழாம் கிரகோரியார் எழுதுங்கால், ஒரு புதிய மேற்றிராணியாரை அபிஷேகம் செய்யத் தேவையான மூவர்கூட ஆப்பிரிக்காவில் இல்லை.

அராபியர் ஆட்சியின்கீழ் வந்த எகிப்திலும் சிரியாவிலும் கிறிஸ்தவம் இன்றளவும் நிற்கிறது. ஆப்பிரிக்காவின் வடகரையில் மட்டும் ஏன் அற்றுப்போயிற்று? காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை வரலாற்றாசிரியர் பலர் எடுத்துக்காட்டுவர். எகிப்தில் குடியானவனின் கொப்தி மொழியிலும், சிரியாவில் மக்கள் பேசிய சிரியாக் மொழியிலும் திருமறை வழங்கியது. வட ஆப்பிரிக்காவில் அது இலத்தீன் மொழியிலேயே நின்றது. மலைகளிலும் பாலைவன ஓரங்களிலும் வாழ்ந்த பெர்பர் மக்களின் மொழிக்குள் அது வேரிறங்கவில்லை. நகரங்கள் தேய்ந்தபோது, நகரத்து மொழியோடு நகரத்துச் சபையும் தேய்ந்தது. அடுத்த தலைமுறையின் மொழியில் பேசாத எந்தச் சமயமும் இவ்விடரிலிருந்து தப்ப முடியாது. மொழி என்னும்போது நான் இலக்கணத்தை மட்டும் குறிக்கவில்லை.

வாண்டலர் 439-ஆம் ஆண்டில் கார்த்தேஜைக் கைப்பற்றியது பேரரசுக்கு விழுந்த பேரிடி. இத்தாலி உண்ட தானியமும், படைகளுக்குச் சம்பளம் கொடுத்த வரிப்பணமும் அங்கிருந்தே பெரும்பகுதி வந்தன. பணம் நின்றது, படை கரைந்தது. அந்தக் கரைவு எவ்வாறு இருந்தது என்பதற்குத் தன்யூப் ஆற்றங்கரையிலிருந்து ஒரு செய்தி கிடைக்கிறது. பத்தாவிஸ் என்னும் எல்லைக் காவலூரில் இருந்த வீரர்களுக்குச் சம்பளம் வரவில்லை. அதை வாங்கிவரச் சிலர் இத்தாலிக்குப் புறப்பட்டனர். வழியில் அவர்கள் கொல்லப்பட்டது யாருக்கும் தெரியவில்லை. ஆற்றில் மிதந்து வந்த உடல்களைக் கண்டபோதுதான் தெரிந்தது. ஒரு பேரரசு முடிந்துவிட்டது என்று பறைசாற்றி அறிவிப்பார் யாரும் இல்லை. அனுப்பிய ஆள் திரும்பி வரவில்லை, அவ்வளவே.

இச்செய்தியைத் தருபவர் எவுகிப்பியு. 511-ஆம் ஆண்டில் அவர் எழுதிய புனித செவரீன் வரலாற்றில் இது வருகிறது. செவரீன் யார், எங்கிருந்து வந்தார் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆத்திலா இறந்தபின் குழப்பம் மூண்டிருந்த நோரிக்கம் நாட்டில், அதாவது இன்றைய ஆஸ்திரிய நாட்டுப் பகுதியில், ஒரு துறவியாக வந்து தங்கினார். அவரிடம் பதவியில்லை, படையில்லை. விளைச்சலில் பத்திலொரு பங்கை ஏழைகளுக்கென்று ஊரார் கொடுக்கும்படி செய்தார். ஆடைகளைத் திரட்டிப் பனிமலை கடந்து வரச்செய்தார். சிறைப்பட்டவர்களை மீட்டார். அண்டைக் குலங்களின் மன்னர்களிடம் அச்சமின்றிப் போய்ப் பேசினார். பவியானிஸ் என்னும் ஊரில் பஞ்சம் வந்தபோது புரோக்குலா என்னும் செல்வக் கைம்பெண் தானியத்தைப் பதுக்கி வைத்திருப்பதை அறிந்து, மக்கள் முன்னிலையில் அவளைக் கடிந்தார். அவள் நாணி, வாரி வழங்கினாள். பின்னர் இன் ஆற்றில் உறைந்திருந்த பனி உருகி, உணவுப் படகுகள் வந்து சேர்ந்தன.

செவரீன் 482-ஆம் ஆண்டில் இறந்தார். 488-ஆம் ஆண்டில் அந்நாட்டு உரோமக் குடிமக்கள் இத்தாலிக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். அவருடைய உடலையும் உடன் எடுத்துச் சென்றனர். அவர் காத்த ஊர்கள் நிலைக்கவில்லை. அவர் காத்த மனிதர் பிழைத்தனர். எதைக் காக்க வேண்டும் என்று அறிந்திருந்தவர் அவர் என்பேன்.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியே போர்க்களமாயிற்று. காசியொதோரு என்னும் அமைச்சர், உரோமாபுரியில் கிறிஸ்தவக் கல்விக்கென்று ஒரு பெருங்கழகம் நிறுவப் பாப்பரசர் அகாப்பித்துவோடு சேர்ந்து முயன்றார். போர் மூண்டதால் அத்திட்டம் சிதைந்தது. 537-ஆம் ஆண்டு முற்றுகையில் நகருக்கு நீர் கொண்டுவந்த வாய்க்கால்களைக் கோத்தியர் உடைத்தனர். ஒரு காலத்தில் பல இலட்சம் மக்கள் வாழ்ந்த நகரில் இறுதியில் சில பதினாயிரவரே எஞ்சினர். காசியொதோரு பதவி நீங்கி, தென்கோடியில் தம் குடும்ப நிலத்தில் ஒரு மடம் கண்டார். மீன் குளங்கள் சூழ்ந்ததனால் அதற்கு விவாரியம் என்று பெயர். கழகம் கைகூடவில்லையாயின் ஓர் அறை போதும் என்று அவர் அமர்ந்தார். ஏடுகளைப் பிழையின்றிப் படியெடுப்பதையே துறவிகளுக்கு வழிபாடாகக் கற்பித்தார். தொண்ணூற்று மூன்றாம் வயதில், படியெடுப்போர் பிழை செய்யாதிருக்க எழுத்திலக்கண நூலொன்று எழுதினார். உலகமே சிதைந்துகொண்டிருக்கும்போது எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலைப்பட்ட அந்த முதியவரை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் நெகிழ்கிறது.

அதே காலத்தில் புனித ஆசீர்வாதப்பர் கசீனோ மலைமீது மடம் அமைத்தார். எழுபத்துமூன்று அதிகாரங்கள் கொண்ட சிறிய ஒழுங்கு நூல் ஒன்றை எழுதினார். குறித்த வேளையில் செபம், குறித்த வேளையில் கைவேலை, குறித்த வேளையில் வாசிப்பு. விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்றல். மடத்தின் தட்டுமுட்டுக் கருவிகளையும் பீடத்துப் பாத்திரங்களைப்போல் பேணுதல். இவையே அதன் பொருள். நாகரிகத்தைக் காக்கப் போகிறோம் என்று அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. அவர்கள் தேடியது இறைவனை. நாகரிகம் அத்தேடலின் நிழலில் பிழைத்தது. அம்மடத்தை லொம்பார்தியர் அழித்தனர். சரசேனியர் 883-இல் எரித்தனர். 1349-இல் நிலநடுக்கம் சாய்த்தது. 1944 பெப்ருவரி 15-ஆம் நாள் வானூர்திக் குண்டுகள் தரைமட்டமாக்கின. ஒவ்வொரு முறையும் அது மீண்டும் எழுந்தது. 1964-ஆம் ஆண்டில் பாப்பரசர் ஆறாம் பவுல் அதை மீண்டும் அர்ச்சித்தார். சுவர்கள் வீழ்ந்தபோதெல்லாம் அந்தச் சிறிய ஒழுங்கு நூல் வேறெங்கோ ஓரிடத்தில் நாள்தோறும் வாழப்பட்டு வந்ததே அதன் மறைபொருள்.

இறுதியாகப் பெரிய கிரகோரியார். உரோமாபுரியின் ஆளுநராக இருந்தவர். தம் மாளிகையை மடமாக்கியவர். 590-ஆம் ஆண்டில், கொள்ளைநோய் நகரை வாட்டியபோது பாப்பரசரானவர். ஏழைகளுக்கு அவர் உணவு பங்கிட்டார். லொம்பார்தியர் நகரை நெருங்கியபோது அவர் பிரசங்கித்துக்கொண்டிருந்த நூல் எசேக்கியேல். ஆம், ஜெரோம் நிறுத்திய அதே எசேக்கியேல். துயர் மிகுந்து கிரகோரியாரும் அப்பிரசங்கங்களை நிறுத்த நேர்ந்தது. உலகின் முடிவு அணித்தாயிற்று என்றே அவர் நம்பினார். அவ்வாறு நம்பியவர் செய்தது யாது? 596-ஆம் ஆண்டில் நாற்பதுபேர் அளவிலான துறவிகள் கூட்டம் ஒன்றைத் தொலைவிலிருந்த ஆங்கிலத் தீவுக்கு அனுப்பினார். அவர்கள் நடுவழியில் அஞ்சித் திரும்ப நினைத்தபோது, முன்னே செல்லுங்கள் என்று மடல் எழுதினார். 597-இல் அவர்கள் கென்ட் கரையில் இறங்கினர். தலைவரின் பெயரும் அகுஸ்தீன்.

நேயர்களே, நம் காலம் உரோமாபுரியின் காலமன்று. நம் வாயிலில் அலாரிக் நிற்கவில்லை. மாறுதல் எல்லாம் வீழ்ச்சியும் அன்று. நம் பிள்ளைகள் கடல் கடந்து சென்றது கொள்ளையருக்கு அஞ்சியன்று. வாழ்வு தேடிச் சென்றனர். ஆகவே உரோமாபுரியின் கதையை நம்மீது அப்படியே போர்த்திக்கொள்வது தவறு. ஆனால் நாம் அறிந்த உலகம் மாறும்போது உள்ளத்தில் எழும் மூன்று மயக்கங்களும் அன்றும் இன்றும் ஒன்றே. நமக்குப் பழகிய ஏற்பாட்டைக் கடவுளின் ஏற்பாடு என்று எண்ணுதல் ஒன்று. பழி சுமத்த ஒருவரைத் தேடுதல் ஒன்று. எல்லாம் முடிந்தது என்று கைகட்டி இருத்தல் மற்றொன்று.

எங்கள் சபை முதியவருக்கு நான் தரும் விடை இதுதான். ஐயா, நீங்கள் அறிந்த உலகம் முடிந்திருக்கலாம். அதை நான் மறுக்கமாட்டேன். ஹிப்போவின் சபையே மறைந்தபோது, நம் கோவில் என்றும் நிற்கும் என்று உறுதிகூற எனக்கு உரிமையில்லை. ஆனால் நற்செயல் வீணாகப் போவதில்லை என்பதற்கு வரலாறு சான்று தரும். ஹிப்போவில் காத்துவைத்த நூல்களை வேறொரு கண்டத்தார் படித்தார்கள். பாடற்குழுவுக்கு ஆள் இல்லையென்றால், இருக்கும் இருவரோடு பாடுங்கள். உங்களுக்குத் தெரிந்த செபங்களை எழுதி வையுங்கள். பிழையின்றி எழுதி வையுங்கள். தொலைவிலுள்ள பேரப்பிள்ளைகளோடு அவர்கள் மொழியிலேயே பேசக் கற்றுக்கொள்ளுங்கள். நம் தெருவுக்குப் பிழைப்புத் தேடி வந்திருக்கும் வேற்றூர்க் குடும்பத்தின் கதவைத் தட்டுங்கள். எசேக்கியேலோடு ஒரே காலத்தில் வாழ்ந்த எரேமியா, பாபிலோனுக்குச் சிறைபோன மக்களுக்கு எழுதிய மடலில், வீடு கட்டுங்கள், தோட்டம் இடுங்கள், நீங்கள் இருக்கும் நகரின் நலனைத் தேடுங்கள் என்னும் பொருள்படவே எழுதினார். எருசலேம் எப்போது மீளும் என்று ஏங்கியிருந்தவர்களுக்கு அது கசப்பான மடல்தான். ஆயினும் அவர்களை வாழவைத்தது அம்மடலே.

அவர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன். வரும் ஞாயிறு பாடற்குழுவில் அவருக்கு அருகே நானும் நிற்க எண்ணியிருக்கிறேன். எனக்குக் குரல் இல்லை. ஆயினும் ஓரிடம் நிரம்பும்.